ஒரு படி தவிடு

பிள்ளை சம்பந்தப்பட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட ஃபைலை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சீதாலெட்சுமி டீச்சர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட மீறாமல் நடந்துகொண்டாள் தங்கமணி. அவள் செய்த தப்பே அதுதான்.

கிள்ளானில் மேரு சாலையை விட்டு உள்ளே திரும்பி, டயர் கடைக்கு எதிர்ச் சந்தில் போனால் பூங்கொத்து இல்லம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். வாசலில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருபத்திரண்டு ஜோடிச் செருப்பும்தான் இருக்கும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர், இல்லத்தையும் பள்ளிக்கூடம் மாதிரிதான் நடத்துகிறார். தங்கமணிக்குத் தாளில் 'பராமரிப்பாளர்' என்று பதவி. நிஜத்தில் சமைப்பது, குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, ஆஸ்பத்திரி நாற்காலியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவது, எல்லாம் அவள்தான். பிள்ளைகள் தங்கம் அத்தை என்பதைச் சுருக்கி அவளைத் 'தங்கத்தை' என்று கூப்பிடுவார்கள். வேலை செய்கிற யாரையும் அம்மா என்று கூப்பிடப் பழக்கக்கூடாது என்பதும் டீச்சர் சட்டம். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிற பிள்ளை, எத்தனை அம்மாவைத்தான் விட்டுவிட்டுப் போகும் என்பார். நியாயம்தான். தங்கமணி அதற்கும் தலையாட்டினாள்.

தலையாட்டுவது அவளுக்குப் பழகிப்போன விஷயம். சுங்கை வேயில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழைக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இருபத்து நாலு வயதில் லோரி ஓட்டுகிற பழனியப்பனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத கோவில் இல்லை. ஒரு நாள் பழனியப்பன் நெடுஞ்சாலை ஓரமாக லோரியை ஒழுங்காக நிறுத்தி, சிக்னல் விளக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் செத்துப்போனார். அடுத்த இரண்டு வருஷத்தில் தொழிற்சாலையையும் வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதத்துக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இல்லத்துக்கு வந்தாள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

தாமரை வந்தபோது நாற்பது நாள் குழந்தை. பெற்றவளுக்குப் பத்தொன்பது வயது. சமூக நல அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனாள். அவளைத் திட்டத் தங்கமணிக்கு மனசு வரவில்லை.

பத்தாவது மாதத்தில் ஆரம்பித்தது வலிப்பு. காய்ச்சல் அடித்தால் போதும், கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஒரே மாதத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வருகிற வலிப்புதான், ஐந்தாறு வயதில் தானாக நின்றுவிடும் என்றார் டாக்டர். ஐந்தாறு வயது வரைக்கும் யார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது? தங்கமணி மருந்தை ஒரு வேளையும் தவறவிடவில்லை. அது போதும் என்று சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை.

நிலைக்காத பிள்ளையை நிலைக்க வைக்க நம் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தாய்க்காரி பிள்ளையைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் போட்டு, இது உன் பிள்ளை, எனக்கும் இதற்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து அம்மனிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அது அம்மன் பிள்ளை, நோய் கிட்டே வராது. டீச்சரிடம் இதைச் சொன்னால் நின்ற இடத்தில் அறிவியல் பாடம் நடத்துவார். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தவிடு கிடைத்தது சீனர் ஒருவரின் கோழித் தீவனக் கடையில். எத்தனை கோழி வளர்க்கிறாய் என்று கேட்டார் அவர். ஒன்றுதான் என்றாள் தங்கமணி.

ஆற்றோரத்துச் சின்ன அம்மன் கோவில் அது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ரசீது. கவுன்டரில் இருந்தவர் பிள்ளை பெயர், நட்சத்திரம் எல்லாம் எழுதிக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டார்.

"அம்மா பேரு?"

தங்கமணி வாயைத் திறந்தாள். அம்மா இல்லாத பிள்ளையை அம்மனிடம் யார் கொடுப்பது? யார் திரும்ப வாங்குவது? பின்னால் வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள். பிள்ளை தோளில் அனலாகக் கொதிக்கிறது.

"தங்கமணி," என்றாள்.

இல்லத்துக்குத் திரும்பியதும், சட்டப்படி, அந்த ரசீதில் துளை போட்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்குப் பின்னால் ஃபைலில் கோர்த்து வைத்தாள். அதற்குப் பிறகு தாமரைக்குக் காய்ச்சல் எத்தனையோ தடவை வந்தது. வலிப்பு ஒரு தடவையும் வரவில்லை.

இதெல்லாம் ஐந்து வருஷத்துக்கு முந்திய கதை. போன ஆகஸ்ட் நாலாம் தேதி அந்த ரசீது எழுந்து வந்து தங்கமணியின் முன்னால் நின்றது.

தாமரையைத் தத்தெடுத்தவர்கள் ஓர்லா, கானர் என்ற ஐரிஷ்காரத் தம்பதி. கானர் கோலாலம்பூரில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் வாத்தியார், வந்து ஐந்து வருஷமாகிறது. ஓர்லா சனிக்கிழமைதோறும் இல்லத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டுவாள். கதை முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் விளையாட ஓடிவிடும், தாமரை மட்டும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான். வீட்டைப் பார்க்க வந்த அதிகாரிகள், பாரங்கள், விசாரணை என்று இரண்டு வருஷம் இழுத்து, மார்ச் மாதம் கோர்ட்டு தீர்ப்பும் ஆகிவிட்டது. இனி அயர்லாந்தின் தத்தெடுப்பு அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தால் தாமரை விமானம் ஏறலாம், அதுவரை இல்லத்தில்தான். கானரின் வேலை பெர்மிட் ஆகஸ்ட் முப்பதோடு முடிகிறது. அதற்குள் கடிதம் வராவிட்டால் அவர்கள் போய்விட வேண்டும், பிள்ளை இங்கே நிற்க வேண்டும். பிறகு எல்லாம் முதலிலிருந்து, அதுவும் நடந்தால்.

தாமரையின் ஊதா நிறப் பெட்டி ஒரு மாதமாகக் கட்டிலடியில் தயாராக இருந்தது. காலையில் எழுந்ததும் அதைத் திறந்து, கம்பளித் தொப்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவாள்.

அன்றைக்கு டீச்சர் தங்கமணியை அலுவலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தினாலே விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"ஃபைல் முழுக்க மொழிபெயர்த்து அனுப்புனோம் இல்ல? அயர்லாந்து ஆபிஸ்ல மூணு கேள்வி கேட்டு எழுதியிருக்காங்க. தங்கமணிங்கற தாய் யாரு? பிள்ளைய யாரு யாருக்கு வித்தா? அந்தத் தாய் இப்பவும் பிள்ளைக்கு உரிமை கேக்கறாங்களா?" டீச்சர் ரசீதின் நகலை மேசையில் வைத்தார். "இது என்ன தங்கமணி?"

தங்கமணி குனிந்து படித்தாள். தாமரை என்ற குழந்தையை அம்மனுக்குக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. தாய்: தங்கமணி. கீழே கோவில் முத்திரை.

"வலிப்புக்காகப் பண்ணுனது டீச்சர்…"

"எனக்குப் புரியுது. அங்க உக்காந்திருக்கறவனுக்கு எப்படிப் புரியும்? பிள்ளைய வித்த ரசீதுன்னுதானே நினைப்பான்? நானா இருந்தாலும் நிறுத்தித்தான் வைப்பேன்."

டீச்சர் இன்னும் திட்டியிருந்தால் தேவலை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது தங்கமணியை இன்னும் பயமுறுத்தியது.

அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். சாப்பிடும்போது தாமரை கேட்டாள்.

"இன்னும் லெட்டர் வரலையா தங்கத்தை?"

"வரும்லா. சாப்பிடு."

"அங்க ஸ்கூல் தொறந்துருச்சுன்னா?"

தங்கமணி அடுத்த பிள்ளைக்குச் சோறு போடப் போய்விட்டாள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், மறைப்பதில் புண்ணியமில்லை. கடிதம் வராமலே போனால் பிள்ளை இங்கேயே இருக்கும் என்று ஒரு நினைப்பு, பாத்திரம் கழுவும்போது, ஒரே ஒரு நிமிஷம் அவள் மனசில் வந்து நின்றது. வந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாகிவிட்டது. கையிலிருந்த சட்டியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

வழியை, தத்தெடுப்பு வழக்கை நடத்திய வக்கீல் ராதாகிருஷ்ணன் சொன்னார். தங்கமணி ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அன்றைக்கே அனுப்பிவிடலாம். டீச்சரும் தங்கமணியும் கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறி, நேராகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். ஓர்லா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நகத்தையெல்லாம் கடித்து வைத்திருந்தாள்.

வக்கீல் தாளைத் தமிழில் படித்துக் காட்டினார். "நான் தாமரையின் தாய் அல்ல. எக்காலத்திலும் தாயாக இருந்ததில்லை. அவளுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, எந்த உரிமையும் இல்லை. அவ்வளவுதாங்கா. கீழ ஆபிஸர் இருக்காரு, அவர் முன்னால சத்தியம் பண்ணிட்டுக் கையெழுத்துப் போடணும்."

"சாமி மேல சத்தியமா சார்?"

"ஆமாக்கா. சத்தியம்னா சத்தியம்தான்."

தங்கமணி பேனாவை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். அம்மன் முன்னால் நின்று என் பிள்ளை என்று சொல்லி வாங்கியவள், இப்போது அதே வாயால், என் பிள்ளையே இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் அன்றைய பேச்சு முறிந்தது. அம்மனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஆள் இல்லை. தெரியாத ஊர், எலும்பை உருக்கும் குளிர், முதல் காய்ச்சல். கண் மேலே சொருகும்போது அங்கே யார் இருப்பார்கள்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "என்னால முடியாது சார்."

கீழே கடையில் யாரோ இன்னொரு ரசம் கேட்பது காதில் விழுந்தது.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, ஏதாச்சும் எதிர்பாக்கறீங்களா? வெளிப்படையா சொல்லிடுங்க."

அந்தக் கேள்விக்கு அவரை மன்னிக்கலாம். அவர் தொழிலில் தினமும் கேட்கிற கேள்வி. ஆனால் தங்கமணிக்கு முகம் சிவந்துபோய்விட்டது. பதினோரு வருஷமாகத் தலையாட்டியவள் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"நான் என்னத்த எதிர்பாக்கறேன்? பிள்ளைக்கு வலிப்பு திரும்ப வரக்கூடாது, அதான் எதிர்பாக்கறேன்! அம்மன்கிட்ட வாங்குன பிள்ள சார் அது. எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்லன்னு நான் பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டா, அங்க ஜுரம் அடிச்சா யாரு கேப்பா? நீங்க போவீங்களா? டீச்சர் போவாங்களா?"

சொல்லிவிட்டு அழுதாள். ஓர்லாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறாள், பிள்ளையைத் தரமாட்டேன் என்கிறாளா என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டீச்சர் அவளுக்கு ஆங்கிலத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னார். வலிப்பு, கோவில், தவிடு, எல்லாம். டீச்சர் இத்தனையையும் சிரிக்காமல் சொன்னதுதான் ஆச்சரியம்.

ஓர்லா கேட்டு முடித்தாள். தாமரையின் வலிப்பு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது, அவள் அறிந்ததுதான். அந்த வலிப்புக்குப் பயந்து எத்தனையோ ராத்திரி இணையத்தில் தேடிப் படித்தவள் அவளும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்.

"அம்மன்கிட்டேருந்து அவங்க வாங்க முடியாதான்னு கேக்கறாங்க."

தங்கமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தவிட்ட யாரு கொண்டாரணும்? வாங்கறவங்களா, குடுக்கறவங்களா?"

"வாங்கறவங்க டீச்சர்."

"ரசீது மட்டும் வேணாம்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் வக்கீல்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஓர்லா புடவை கட்டப் பார்த்து, முடியாமல், சுடிதாரில் வந்தாள். கையில் பளபளவென்று ஒரு பாக்கெட். கோழித் தீவனக் கடை அவளுக்கு எங்கே தெரியும்? பங்சாரில் ஏதோ ஆரோக்கிய உணவுக் கடையில் தவிடு என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். ஓட்ஸ் தவிடு. தங்கமணி அதைக் குருக்களிடம் நீட்டினாள். நெல் தவிடு இல்லையே, அம்மன் ஏற்பாளா? குருக்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தவிடுதானேம்மா? எந்தத் தானியமா இருந்தா என்ன?"

"நல்லாத் தெரியுமா சாமி?"

"எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்றேன்."

அந்தப் பதில் தங்கமணிக்குப் போதவில்லை. ஆனாலும் நேரம் போய்க்கொண்டிருந்தது.

கவுன்டரில் அதே ஆள், தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அர்ச்சனைச் சீட்டுக்குப் பிள்ளை பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதினார். தலை நிமிராமலே கேட்டார்.

"அம்மா பேரு?"

தாமரை ஒரு கையால் தங்கமணியையும் மறு கையால் ஓர்லாவையும் பிடித்துக்கொண்டு, பூ விற்கிற இடத்தில் நின்ற பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தங்கமணியைப் பார்த்தார். தங்கமணி ஓர்லாவைப் பார்த்தாள்.

"பேரு சொல்லுங்கம்மா, லைன்ல ஆளு நிக்கறாங்க."

"ஓர்லா," என்றாள் தங்கமணி. அவருக்கு எழுதத் தெரியவில்லை. "ஓ… ர்… லா," என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

சன்னிதியில் பிள்ளையை உட்காரவைத்து, இது உன் பிள்ளை, எனக்கும் இதற்கும் ஒன்றுமில்லை தாயே என்று தங்கமணி வாய்விட்டுச் சொன்னாள். ஓர்லா பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். பாதி தரையில் சிந்தியது. குருக்கள் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். ஆறு வயசுப் பிள்ளை, கனம். ஓர்லா தடுமாறி, பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று மத்தியானமே தங்கமணி பிரிக்பீல்ட்ஸ் போனாள். 'எக்காலத்திலும் தாயாக இருந்ததில்லை' என்ற வரியை வக்கீல் தானாகவே அடித்துவிட்டு, 'பிள்ளையின் நோய்க்காகச் செய்த சமயச் சடங்கு' என்று மாற்றி வைத்திருந்தார். தங்கமணி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாள்.

கடிதம் ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி வந்தது. இருபத்தொன்பதாம் தேதி விமானம். விமான நிலையத்தில் தாமரை அழவில்லை, புதுச் செருப்பைக் காட்டிக்கொண்டே போனாள். அழுதது டீச்சர்தான். தங்கமணி மருந்துப் பெயரையும் அளவையும் எழுதிய தாளை ஓர்லாவின் கைப்பைக்குள் மூன்றாவது தடவையாகத் திணித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது. செப்டம்பர் போனது. அக்டோபர் போனது. ஓர்லா படம் அனுப்புவாள்: பள்ளிச் சீருடை, மழைக் கோட்டு, ஏதோ ஒரு நாய். தங்கமணி படத்தில் சிரிப்பைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பெரிதாக்கி வைத்துப் பார்ப்பாள், ஜுரக்கண்ணா இல்லையா என்று. போனை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தாள். ஓட்ஸ் தவிடு போதுமா? சிந்தியது குற்றமா? பெயரைச் சரியாகச் சொன்னோமா? காய்ச்சல் வராத ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தள்ளிப்போட்ட நாளாகவே இருந்தது.

நவம்பரில் ஒரு நாள், நாலு மணிக்கு, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. வெப்பமானியின் படம். முப்பத்தொன்பதுக்கு மேல். தங்கமணி கத்தியைக் கீழே வைத்தாள். ஓர்லா கீழே எழுதியிருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு நாள் கடும் காய்ச்சல். வலிப்பு வரவில்லை. பக்கத்திலேயே படுத்திருந்தேன். இப்போது எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்கிறாள்.

தங்கமணி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வரவில்லை. அம்மன் ஒப்புக்கொண்டுவிட்டாள். ஓட்ஸ் தவிட்டையும் ஒப்புக்கொண்டாள், ஓர்லாவையும் ஒப்புக்கொண்டாள். அப்பாடா என்று நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்த அதே நொடியில் வலித்தது. அம்மன் ஓர்லாவை ஒப்புக்கொண்டாள் என்றால் தங்கமணியை விட்டுவிட்டாள் என்றுதானே அர்த்தம். வக்கீல் தாளில் போட்ட கையெழுத்து அன்றைக்கு வெறும் கையெழுத்து. இன்றைக்குத்தான் அது நிஜமானது.

டீச்சர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னாள். டீச்சர் கத்தியை எடுத்து மீதிப் பயற்றங்காயை நறுக்க ஆரம்பித்தார்.

தங்கமணி நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தாள். அதன் பின்பக்கத்தில் எழுதினாள்: தாமரைக்குக் காய்ச்சல் வந்தது. வலிப்பு வரவில்லை. அவள் அம்மா பக்கத்தில் இருந்தாள். எழுதி முடித்துப் பழக்கதோஷத்தில் அலுவலறைக்குப் போய், துளை போடும் கருவியையும் கையில் எடுத்துவிட்டாள். ஃபைலைத் திறந்தாள். பிறகு மூடினாள். டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் திரும்பிப் போய் மீதிப் பயற்றங்காயை நறுக்கினார்.